அபாப்கா ஏரியில் பொரிக்காத முட்டைகள்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஒர்லாண்டோ நகருக்கு வடமேற்கே அபாப்கா என்றொரு பெரிய ஏரி இருக்கிறது. பூச்சிமருந்து ஊர்வனவற்றை என்ன செய்யும் என்று யார் பேசத் தொடங்கினாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். வழக்கமாகச் சொல்லப்படும் கதை சுருக்கமானது. 1980-இல் ஏரியின் தென்மேற்கு ஓரத்திலிருந்த ஒரு பூச்சிமருந்து ஆலையின் கழிவுக்குட்டை நிரம்பி வழிந்தது. கழிவு ஏரிக்குள் இறங்கியது. சில ஆண்டுகளில் முதலைக் குஞ்சுகள் அருகிப்போயின. எஞ்சிய ஆண் குட்டிகளின் குறி சிறுத்திருந்தது. இதில் ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. ஆனால் கதையை 1980-இல் தொடங்கினால் பழி முழுவதும் ஒரே ஆலையின் தலையில், ஒரே கோடையின் தலையில் விழுந்துவிடுகிறது. 1941-இல் தொடங்கிப் படித்தால் கணக்கு மாறுகிறது. ஆலைக்குப் பங்கு உண்டு. ஆயினும், அரை நூற்றாண்டுக்கும் மேலாக அரசின் ஊக்கத்தோடு, சட்டப்படி நடந்த காய்கறிச் சாகுபடியை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த முதலைகளுக்கு நேர்ந்ததை விளக்க முடியாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். விஷயம் வெளியே வந்ததுகூட எந்தச் சட்டத்தாலும் அல்ல, முதலை முட்டைக்கு விலை இருந்ததால்.

அபாப்கா ஒரு காலத்தில் புளோரிடாவின் இரண்டாவது பெரிய ஏரி. அதன் வடகரையில் ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்பில் கோரை போன்ற புல் அடர்ந்த சதுப்பு நிலம் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெட்டப்பட்ட கால்வாய் ஒன்று ஏரியின் நீர்மட்டத்தை முதலில் இறக்கியது. 1920-களிலிருந்து அருகிலிருந்த விண்டர் கார்டன் ஊரின் சாக்கடையும், பின்னர் ஆரஞ்சுச் சாறு ஆலைகளின் கழிவும் ஏரியில் சேர்ந்தன. அத்தனைக்கும் ஏரி தாக்குப்பிடித்தது. நீர் தெளிவாக இருந்தது, பாஸ் மீன் பிடிக்க நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், கரையோரம் தூண்டில்காரர்களுக்கான விடுதிகள் செழித்தன. திருப்பம் 1941-இல் வந்தது. அந்த ஆண்டு மாநில சட்டமன்றம் செல்வுட் வடிகால் மாவட்டம் என்றொரு அமைப்பை உருவாக்கியது. வடகரையில் நெடிய கரை எழுப்பி, சதுப்பிலிருந்த நீரை இறைத்து, ஏறக்குறைய 20,000 ஏக்கர் நிலம் சாகுபடிக்கு எடுக்கப்பட்டது. போர்க்காலம்; உணவு தேவைப்பட்டது. பல நூற்றாண்டுகளாகப் புல்லும் இலையும் மக்கிச் சேர்ந்த அந்தக் கருமண் மக்காச்சோளமும் கேரட்டும் லெட்யூஸும் முள்ளங்கியும் மாறி மாறி விளையக்கூடிய மண். அதில் ஒரு சிக்கல் இருந்தது. நீருக்கடியில் இருக்கும்வரைதான் மக்கிய மண் மண்ணாக இருக்கும். காற்றுப் பட்டால் அது மெல்ல எரிவதுபோல் கரைந்து, நிலம் ஆண்டுக்காண்டு தாழும். எனவே பயிர் இல்லாத மாதங்களில் வயலில் ஏரி நீரைத் தேக்கினார்கள். மண்ணும் காக்கப்பட்டது, நூற்புழுவும் செத்தது. விதைப்புக் காலம் வந்ததும் உரச் சத்து ஊறிய அந்த நீரைத் திரும்ப ஏரிக்கே இறைத்துவிட்டார்கள். ஏரி வயலுக்குப் பாசனமாகவும் இருந்தது, வடிகாலாகவும் இருந்தது. 1947-இல் ஒரு சூறாவளி ஏரியடிச் செடிகளைப் பிடுங்கிப்போட்டது. அதே ஆண்டு முதல் பாசிப்படலம் படர்ந்தது. நீர் பச்சைக் குழம்பாகி, பிறகு தெளியவே இல்லை. பாஸ் போய் ஜிசார்ட் ஷாட் என்ற மீன் பெருகியது. தூண்டில்காரர்கள் வேறு ஏரி பார்த்துப் போனார்கள்.

போர் முடிந்த கையோடு டி.டி.டி. சந்தைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து டீல்ட்ரின், குளோர்டேன், டாக்சஃபீன். எல்லாமே குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்கள். மலிவு, ஒருமுறை அடித்தால் நெடுநாள் நிற்கும். குளிர்காலமே பெயருக்குத்தான் என்ற வெப்பப் பிரதேசத்தில், ஆண்டு முழுதும் காய்கறி பயிரிடும் நிலத்தில், புழுவும் ஓயாது, மருந்தடிப்பதும் ஓயவில்லை. இந்த மருந்துகளுக்கு இரண்டு குணம் உண்டு. அவை நீரில் கரையாமல் கரிமப் பொருளில் ஒட்டிக்கொள்ளும். கொழுப்பில் கரையும். மணலில் அடித்தால் ஓரளவு ஆவியாகியும் சிதைந்தும் போயிருக்கும். மக்கிய கருமண்ணோ அவற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளவே செய்யப்பட்டதுபோல் இருந்தது. வயலில் நீர் தேங்கும்போது சேற்றிலிருந்து சிற்றுயிருக்கு, சிற்றுயிரிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து மீனைத் தின்னும் பறவைக்கும் முதலைக்கும் என்று நஞ்சு ஒவ்வொரு படியிலும் செறிவு கூடிக்கொண்டே ஏறியது. இதெல்லாம் ஆலைக் கழிவு வழிவதற்கு முன்பே முப்பது ஆண்டுக்கும் மேலாக நடந்துகொண்டிருந்தது. 1970-களின் தொடக்கத்தில் அந்த ஏரியில் மீன்களும் ஆமைகளும் முதலைகளும் கூட்டமாகச் செத்தன. ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியாதான் காரணம் என்று கண்டறியப்பட்டது. சத்து மிகுந்து கெட்ட நீர் அதற்கு இடங்கொடுத்தது. நோய்க்குப் பெயர் கிடைத்ததோடு அந்தப் பேச்சு அடங்கியது. நீரை அப்படிக் கெடுத்தது எது என்ற கேள்வி வடகரை வயல்களை நெருங்கவில்லை.

இனி முட்டைக்கு வருவோம். அமெரிக்க அலிகேட்டர் முதலை தோலுக்காக வேட்டையாடப்பட்டு அழிவின் விளிம்புக்குப் போன விலங்கு. 1967-இல் அது அழியும் ஆபத்திலுள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டது. வேட்டை நின்றதும் வியக்கத்தக்க வேகத்தில் பெருகி, 1987-இல் அந்தப் பட்டியலிலிருந்து மீண்டது. பெருகிய முதலையைக் கொண்டு தோல் வணிகத்தை மறுபடி, இம்முறை கட்டுப்பாட்டோடு தொடங்கலாம் என்று மாநில அரசு திட்டமிட்டது. காட்டில் கூடுகளிலிருந்து முட்டை எடுத்து, பண்ணையில் பொரிக்கவைத்து வளர்ப்பது அதில் ஒரு வழி. எந்த ஏரியிலிருந்து எத்தனை முட்டை எடுத்தால் இனம் பாதிக்கப்படாது என்று தெரியவேண்டும். அதற்காக மாநில வனவிலங்குத் துறையைச் சேர்ந்த ஆலன் உட்வர்டும், பிராங்க்ளின் பெர்சிவல் போன்ற ஆய்வாளர்களும் ஏரி ஏரியாகக் கூடுகளை எண்ணினார்கள். அபாப்காவின் எண்கள் மட்டும் பொருந்தவில்லை. பெரும்பாலான முட்டைகள் பொரிக்கவே இல்லை. பொரித்த குஞ்சுகளிலும் பல சில நாள்களிலேயே இறந்தன. 1980-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் இளம் முதலைகளின் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகச் சுருங்கியிருந்தது. ஏரியின் மேல் மிதக்கும் பெரிய முதலைகளை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது. அலிகேட்டர் பல பத்தாண்டுகள் வாழும். குஞ்சே பிழைக்காத ஏரியிலும் கிழட்டு முதலைகள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பண்ணைக்காரர்களுக்கு முட்டை வேண்டியிருந்ததால் முட்டைகள் எண்ணப்பட்டன. அதே கரைமேட்டில் ஓடிய ஓணானையும் அரணையையும் பாம்பையும் யாரும் விலைக்குக் கேட்கவில்லை; அவற்றுக்கு என்ன ஆனது என்பதற்கு இப்படியொரு ஆண்டுவாரிக் கணக்கு வைக்கப்படவில்லை.

புளோரிடா பல்கலைக்கழகத்தின் விலங்கியலாளர் லூயிஸ் கில்லெட் இந்த ஆய்வுக்குள் வந்தது இப்படித்தான். அவரும் உடன் பணியாற்றியவர்களும் அபாப்காவிலிருந்தும், காட்டுயிர்ப் புகலிடமாகக் காக்கப்பட்ட உட்ரஃப் ஏரியிலிருந்தும் முட்டைகளைக் கொண்டுவந்து பொரிக்கவைத்து ஒப்பிட்டார்கள். 1994-இல் வெளியான முடிவு இது: ஆறு மாத அபாப்கா பெண் குட்டிகளின் இரத்தத்தில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரடயால் ஏறக்குறைய இரு மடங்கு, சூலகத்தில் ஒரே நுண்ணறைக்குள் பல கரு முட்டைகள். ஆண் குட்டிகளில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. விந்தகத்தின் அமைப்பு குழம்பியிருந்தது. 1996-இல் ஏரியில் பிடித்த இளம் ஆண்களை அளந்தபோது குறியின் சராசரி அளவு 24 விழுக்காடு குறைவு, டெஸ்டோஸ்டிரோன் 70 விழுக்காடு குறைவு. செய்தித்தாள்கள் இதில் எதைப் பிடித்துக்கொண்டன என்று சொல்லத் தேவையில்லை. வேடிக்கைக்குப் பின்னாலிருந்த உண்மை கனமானது. அலிகேட்டருக்குப் பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோம் கிடையாது. கூட்டின் வெப்பம் 30 பாகையை ஒட்டி இருந்தால் பெண், 33-ஐ ஒட்டினால் ஆண். அந்த வெப்பத்தின் கட்டளையைக் கருவுக்குள் கொண்டுசெல்வது ஹார்மோன். தாய் தன் உடற்கொழுப்பைக் கரைத்து மஞ்சள் கரு உண்டாக்கும்போது, அந்தக் கொழுப்பில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த மருந்தும் கருவின் முதல் உணவோடு சேர்ந்துவிடுகிறது. உறுப்புகள் உருவாகும் அந்தச் சில வாரங்களில் ஹார்மோன் போலவோ ஹார்மோனுக்கு எதிராகவோ நடிக்கும் ஒரு பொருள் மிகச் சிறிய அளவில் இருந்தாலே போதும். வளர்ந்த எந்த முதலையும் மருந்து குடித்துச் சாகவில்லை. வளர்ந்தவற்றின் சாவை மட்டும் எண்ணும் சோதனை எதிலும் அபாப்கா தேறியிருக்கும்.

ஆலையே காரணம் என்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அந்த ஆலை 1957 முதல் இயங்கியது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களின் சிலந்திப்பேனுக்கான மருந்துகள் தயாரித்தது. அவற்றில் ஒன்று டைகோஃபால். டைகோஃபாலுக்கு மூலப்பொருளே டி.டி.டி.தான், அன்றைய சரக்கில் டி.டி.டி.யும் அதன் வழிப்பொருள்களும் கணிசமாகக் கலந்திருந்தன. 1980-இல் வழிந்த கழிவு சதுப்பு வழியாக ஏரியின் ஒரு மூலைக்குள் இறங்கியது. குஞ்சுகள் சரிந்ததும் அதற்குப் பிறகுதான். காலம் பொருந்துகிறது. ஆனால் 1980-களின் நடுவில் கேரி ஹைன்ஸ் குழுவினர் அபாப்கா முதலை முட்டைகளைச் சோதித்தபோது, டி.டி.டி.யின் எச்சமான டி.டி.இ.யோடு டாக்சஃபீனும் டீல்ட்ரினும் குளோர்டேனும் இருந்தன. ஆலையின் டைகோஃபால் கழிவு டி.டி.இ.க்கு விளக்கம் தரும். மற்ற மூன்றுக்கும் தராது. அவை வடகரை வயல்களில் அடிக்கப்பட்டவை. பின்னர் பல ஏரிகளை ஒப்பிட்டபோது, கழிவு எதுவும் வழியாத, விவசாய வடிகால் மட்டும் சேர்ந்த ஏரிகளின் முதலைகளிலும் ஹார்மோன் அளவுகள் உட்ரஃபிலிருந்து விலகி இருந்தன. 1980-இல் ஆலை செய்தது, ஏற்கெனவே நிறைந்திருந்த பாத்திரத்தில் மேலும் ஊற்றியது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. முட்டையில் மருந்து இருந்தது என்பதும் முட்டை கெட்டது என்பதும் ஒன்றல்ல. ஹைன்ஸ் குழுவினரின் எண்களிலேயே, நஞ்சு கூடிய கூட்டில் பொரிப்பு குறைவு என்ற நேர்க்கோடு தெளிவாக விழவில்லை. அருகிலுள்ள கிரிஃபின் ஏரியில் 1990-களில் முட்டைகள் கெட்டதோடு, வளர்ந்த முதலைகளும் தள்ளாடிச் செத்தன; அங்கே ஆய்வு கடைசியில் தயமின் என்னும் பி1 வைட்டமின் குறைபாட்டில் போய் நின்றது. ஜிசார்ட் ஷாட் மீனின் உடலில் தயமினைச் சிதைக்கும் நொதி உண்டு. அந்த மீனையே தின்று வாழும் முதலைக்கு அந்த வைட்டமின் தட்டுப்படுகிறது. எனவே பொரிக்காத முட்டைகள் அனைத்துக்கும் மருந்தே காரணம் என்று சொல்பவர்கள் சான்றைத் தாண்டிப் பேசுகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஹார்மோன் குழப்பத்துக்கு வைட்டமின் கதை விடையாகாது. அதற்குத் தனிச் சான்று சோதனைக்கூடத்திலிருந்து வந்தது. டி.டி.இ. ஆண் ஹார்மோனின் ஏற்பியை அடைத்துக்கொள்கிறது என்று வில்லியம் கெல்ஸ் குழுவினர் 1995-இல் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு டேவிட் குரூஸின் ஆய்வகத்தில், ஆண் பிறக்கவேண்டிய வெப்பத்தில் வைத்த ஆமை முட்டைகளின் ஓட்டில் பி.சி.பி. வகைத் தொழிற்சாலை வேதிப்பொருள் சிலவற்றைத் தடவியபோது பெண் குஞ்சுகள் பிறந்தன. ஊர்வனவற்றின் முட்டைக்குள் வெளி வேதிப்பொருள் புகுந்து பாலையே மாற்ற முடியும் என்பது அதோடு உறுதியானது. இனி கிரிஃபினின் வைட்டமின் கதையையே எடுத்துக்கொள்வோம். ஷாட் மீன் அங்கே எப்படிப் பெருகியது? பாசியால். பாசி? பாஸ்பரஸால். கிரிஃபின் கரையிலும் சதுப்பைத் திருத்திய கருமண் வயல்கள்தான் இருந்தன. எந்த வழியில் போனாலும் வந்து சேரும் இடம் அதே வரப்பு.

வயல்களின் பங்கைப் பற்றி இன்னும் ஐயம் இருந்தால் 1998-ஆம் ஆண்டு அதைத் தீர்த்துவைத்தது. ஏரியை மீட்க முடிவுசெய்த மாநில அரசும் மைய அரசும் சுமார் 10 கோடி டாலர் கொடுத்து வடகரைப் பண்ணைகளை வாங்கின. அந்த ஆண்டுக் கோடையோடு சாகுபடி நின்றது. வயல்களைச் சதுப்பாகத் திருப்பும் முதல் படியாக நீர் விடப்பட்டது. பறவைகள் திரண்டு வந்தன. அந்தக் கிறிஸ்துமஸ் காலப் பறவைக் கணக்கெடுப்பில் இன எண்ணிக்கை கண்டு பறவை ஆர்வலர்கள் மகிழ்ந்தார்கள். உள்ளே சாவு தொடங்கியிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் கூழைக்கடாக்களும் நாரைகளும் கொக்குகளுமாக 676 பறவைகள் அங்கே செத்ததாகப் பதிவாயிற்று. உடல்களில் கண்டவை டீல்ட்ரின், டாக்சஃபீன், டி.டி.டி. எச்சங்கள். டி.டி.டி. அமெரிக்காவில் 1972-இலேயே தடைசெய்யப்பட்டது. தடை வந்து கால் நூற்றாண்டு கழித்து, கடைசி அறுவடை முடிந்த நிலத்தில், மீனின் வழியே அதன் எச்சம் பறவைகளின் உடலில் ஏறியிருந்தது. நீரை அவசரமாக வடித்தார்கள். பிறகு சுமார் 4,000 ஏக்கரில் மேல்மண்ணை ஆழத்தில் புதைத்து அடிமண்ணை மேலே கொண்டுவரும்படி இயந்திரங்களால் புரட்ட வேண்டியிருந்தது. இந்தப் பறவைகளுக்கும் ஆலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அந்த வயல்கள் நாட்டுக்குச் சோறு போட்டன என்பது பண்ணைக்காரர்கள் தரப்பின் பதில். அது உண்மையே. போர்க்காலத்தில் தொடங்கியவர்களைக் குற்றவாளிகளாக்குவது நியாயமல்ல. அவர்கள் அடித்த மருந்து ஒவ்வொன்றும் அன்று அரசு அனுமதித்தது, வேளாண் அதிகாரிகள் பரிந்துரைத்தது. ஆனால் அந்தச் சோற்றை விளைவித்த கைகள் யாருடையவை என்றும் கேட்கவேண்டும். கறுப்பின அமெரிக்கரும் ஹைட்டியரும் மெக்சிகோவினருமான ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் அந்த மண்ணில் குனிந்து வேலை செய்தார்கள், வாய்க்காலில் மீன் பிடித்துத் தின்றார்கள். நிலத்தை விற்றவர்களுக்குக் கோடிகள் கிடைத்தன. வேலை போனவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. முதலைக் குட்டியின் இரத்தத்தை அணு அணுவாக அளந்த அறிவியல், அதே நீரைத் தொட்ட தொழிலாளியின் இரத்தத்தை அந்த அக்கறையோடு அளக்கவில்லை. தங்களுக்கு வந்த நோய்களைப் பதிவுசெய்ய அவர்களுடைய சங்கமே 2000-களில் சொந்தமாகக் கணக்கெடுக்க வேண்டிவந்தது. முதலையைப் படித்தது தவறு என்று இதற்குப் பொருளில்லை. அதோடு நிறுத்திக்கொண்டது தவறு.

அதெல்லாம் பழைய மருந்துகள், இன்றையவை விரைவில் சிதைபவை, குறிவைத்துக் கொல்பவை என்று சொல்வார்கள். பாதி சரி. ஆனால் ஊர்வனவற்றுக்கு வரும் கேடு எல்லாம் உடலில் தங்குவதால் மட்டும் வருவதில்லை. 1990-களின் இறுதியில் மடகாஸ்கரில் வெட்டுக்கிளிப் படையெடுப்பின்போது ஃபிப்ரோனில் தெளித்தார்கள்; நம் நெல் வயல்களிலும் அடிக்கப்படும் அதே மருந்து. ரால்ஃப் பெவெலிங் குழுவினர் தெளித்த இடங்களைப் பார்த்தபோது கறையான் புற்றுகள் பெருமளவில் அழிந்திருந்தன. கறையானை நம்பியிருந்த ஓணான் வகை ஒன்றும் அரணை வகை ஒன்றும் குறைந்துபோயிருந்தன. இரை போனது, இரைகொல்லியும் போனது. இத்தகைய விளைவு புட்டிக்குள் நடக்கும் சோதனையில் தெரியாது. அப்படியொரு சோதனையே ஊர்வனவற்றுக்குக் கேட்கப்படுவதில்லை என்பது அடுத்த சங்கதி. மருந்துக்கு அனுமதி கேட்கும் நிறுவனம் காடை, வாத்து, மீன், நீர்த்தெள்ளு, தேனீ ஆகியவற்றின் மேல் சோதித்த முடிவுகளைத் தரும். பறவைக்குச் சரி என்றால் பல்லிக்கும் சரி என்று வைத்துக்கொள்வார்கள். பறவை வெப்ப இரத்த விலங்கு. கூட்டில் அமர்ந்து அடைகாக்கும். அதன் பாலை வெப்பம் தீர்மானிப்பதில்லை. மருந்தூறிய மண்ணில் முட்டையைப் புதைத்துவிட்டுப் போகும் ஓணானுக்கு அது எப்படிப் பதிலாள் ஆகும்? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவியல் குழு 2018-இல் இந்த இடைவெளியை விரிவாக எடுத்துச் சொன்னது. இந்தியாவில் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவுக்குக் கேட்கப்படுவதும் பறவை, மீன், தேனீ என்ற அதே வரிசைதான்.

இந்தியாவுக்கு இதில் நேரடிப் பங்கும் உண்டு. அபாப்காவில் வழிந்த டைகோஃபால் இங்கேயும் தயாரிக்கப்பட்டது. தேயிலையிலும் பருத்தியிலும் மிளகாயிலும் சிவப்புச் சிலந்திப்பேனுக்குப் பல பத்தாண்டுகள் அடிக்கப்பட்டது. ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் ஒழிப்புப் பட்டியலில் அது 2019-இல்தான் சேர்ந்தது. இந்திய அரசு அதைத் தடைசெய்தது 2023-இல். தடை ஆணை மண்ணுக்குள் போய் வேலை செய்யாது என்பதற்கு 1998-இன் கூழைக்கடாக்களே சாட்சி. இங்கே தமிழ்நாட்டின் அமராவதி அணையில் சதுப்பு முதலைகள் முட்டையிடுகின்றன. நம் தோல் வணிகத்துக்கோ சந்தைக்கோ அந்த முட்டைகள் தேவையில்லை. அதனால் அவற்றை எண்ண யாருக்கும் அவசரம் இருக்காது. விலை இல்லை என்பதற்காக எண்ணாமல் விடக்கூடாது. வனத்துறையும் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆண்டுதோறும் எத்தனை கூடு, எத்தனை முட்டை, எத்தனை பொரித்தது என்று பதிவுசெய்து, பொரிக்காதவற்றின் மஞ்சள் கருவில் என்ன இருக்கிறது என்று சோதித்து வெளியிட வேண்டும். வயல் வரப்பு ஓணானின் முட்டைக்கும் அதே கணக்கு வேண்டும். புதிய மருந்துக்கு அனுமதி கேட்பவர்களிடம் அந்தச் சோதனையையும் அரசு கேட்க வேண்டும்.